வாங்குவோர் கேள்வி-பதில்: அக்குள் முடியும் ரேசர் செலவும்

பத்து ரேசர் கொண்ட பாக்கெட் வாங்கினேன். ஒன்றையே இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். அக்குளில் சிவப்புக் கொப்புளங்கள். கடையில் புகார் செய்யலாமா? (வாசகி, திருச்சி)

செய்யாதீர்கள், இது ரேசரின் குற்றமல்ல. சில தடவை பயன்படுத்தி எறிய வேண்டிய ரேசரை ஈரக் குளியலறையில் இரண்டு மாதம் வைத்தால் பிளேடு மழுங்கும், கிருமி சேரும். மீதி ஒன்பது பாக்கெட்டிலேயே கிடக்கின்றன. கொப்புளம் ஆறும்வரை மழிக்க வேண்டாம்.

பெண்களுக்கான ரேசர் விலை கூடுதல். அக்குளுக்கு அதுதான் பாதுகாப்பா? (வாசகி, சேலம்)

இல்லை. இந்த இளஞ்சிவப்பு வியாபாரத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். 2015இல் நியூயார்க் நகர நுகர்வோர் துறை விலைகளை ஒப்பிட்டபோது, பெண்களுக்கான ரேசர் ஆண்களுக்கானதைவிடச் சராசரியாக 11 சதவீதம் அதிக விலையில் இருந்தது. நம் கடை அலமாரியிலும் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரேசர் தலையின் வளைவிலும் கைப்பிடியிலும் சிறு வேறுபாடு இருக்கலாம். காசு பெரும்பாலும் நிறத்துக்குத்தான் போகிறது. அப்படி நான் வாங்கிய ஒன்றில், பிளேடைச் சுற்றியிருந்த சோப்புப் பட்டை இரண்டாம் முறையே கரைந்து கூழாக வழிந்தது.

பாதுகாப்பு கையில்தான் இருக்கிறது. குளித்து முடி மிருதுவான பிறகு நுரை பூசுங்கள். கையை உயர்த்தினால் அக்குள் குழி விரியும், தோல் இழுபடும். அங்கே முடி ஒரே திசையில் வளர்வதில்லை; அது சாயும் பக்கமாகவே, அழுத்தாமல், சிறு சிறு இழுப்பாக மழியுங்கள். முடி உள்ளே சுருண்டு வளர்ந்து முண்டு கட்டுகிறதென்றால், ஐந்து பிளேடு ரேசரை விட்டு ஒற்றை பிளேடுக்கு மாறுங்கள். மழித்த கையோடு வாசனைத் திரவம் வேண்டாம், எரியும்.

கணவரின் ரேசரையே நானும் பயன்படுத்தலாமா? (வாசகி, ஈரோடு)

கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கூட அப்படிப் பரவலாம்.

இணையத்தில் வாங்கிய அக்குள் கருமை நீக்கும் கிரீம் தோலைப் புண்ணாக்கிவிட்டது. டப்பாவில் முகவரியே இல்லை. திறந்த பொருளைத் திரும்பப் பெற மாட்டார்களாம். (வாசகி, தஞ்சாவூர்)

அம்மா, தவறு உங்கள் மேல் இல்லை. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி இல்லாமல் விற்பதே சட்டமீறல். முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள். இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதனால் டப்பாவையும் காட்டுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பில், புண்ணின் புகைப்படம், மருத்துவர் சீட்டு ஆகியவற்றோடு அந்த டப்பாவையும் பத்திரமாக வைத்திருங்கள்.