23 அங்குலமா, 26 அங்குலமா?

கேள்வி: அண்ணா, நான் நோர்வூட் பக்கம். சுற்றுலா விடுதி ஒன்றில் படகுகளைப் பார்த்துக்கொள்கிறேன். நின்றபடி துடுப்புப் போடும் பலகையில் இரண்டு வருடமாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்வருகிறேன். விடுதியில் இருப்பது 32 அங்குல அகலமான சாதாரணப் பலகை. இப்போது கொழும்பில் ஒருவர் பாவித்த 14 அடி போட்டிப் பலகை ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். கார்பன், 23 அங்குல அகலம், அமைதியான நீருக்கென்று செய்தது. திருகோணமலைக்கும் கொண்டுபோக ஆசை. என் எடை 72 கிலோ. வாங்கலாமா?

பதில்: நீளம் சரி, தம்பி. அகலம்தான் இடிக்கிறது. 32இல் பழகிய கால் ஒரே தாவலில் 23க்குப் போனால், உங்கள் பலமெல்லாம் விழாமல் நிற்பதற்கே செலவாகும். ஒடுங்கிய பலகை வேகமானதுதான், ஆனால் முழுப் பலத்தோடு துடுப்பை ஊன்ற முடிந்தால் மட்டும். பலகையில் ஏறிப் பத்து வீச்சுப் போட்டுவிட்டுக் குனிந்து உங்கள் கால் விரல்களைப் பாருங்கள். அவை வளைந்து பலகையைப் பற்றிக்கொண்டிருந்தால் அது இன்னும் உங்களுக்கான பலகை இல்லை. இப்போதைக்கு 26 அங்குலம் எடுங்கள்.

அடுத்தது வடிவம். அமைதி நீர்ப் பலகையின் மூக்கு கூர்மையாக இருக்கும், அடிப்பாகம் நேராக ஓடும். காசல்ரீயில் காலை நேரத்துக்கு அது அருமை. திருகோணமலையில் பக்கத்திலிருந்து அலை தட்டினால் அதே பலகை உங்களைப் புரட்டிவிடும். காற்றோடு கடலில் ஓடுவதற்கென்று அடிப்பாகம் நன்றாக வளைந்த பலகைகளும் உண்டு. அவை நீர்த்தேக்கத்தில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மந்தமாகப் போகும். இரண்டு இடத்துக்கும் ஒரே பலகை என்றால், மூக்கில் கொஞ்சம் பருமனும் இலேசான வளைவும் உள்ள நடுத்தர வகையே உங்களுக்குப் பொருந்தும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நம் நீர்த்தேக்கங்களே கொந்தளிக்கும்போதும் அது கைகொடுக்கும்.

மலைநாட்டுக்காரர் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கார்பன் பலகையின் உள்ளே இருப்பது காற்றுள்ள நுரை. கடல் மட்டத்திலிருந்து நுவரெலியா உயரத்துக்கு ஏறும்போது வெளியே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், உள்ளே இருக்கும் காற்று விரியும். பலகையில் கையால் திருகும் காற்றுத் திருகு இருந்தால், கொழும்பிலேயே தளர்த்திவிட்டு லொறியில் ஏற்றுங்கள். தண்ணீரில் இறக்குமுன் மறக்காமல் இறுக்குங்கள். இதைச் செய்யாமல் மேல்தோல் உப்பிப் பிரிந்த பலகையை என் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன், மனம் கஷ்டமாகிவிட்டது. பாவித்த பலகை என்பதால், நிற்கும் இடத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மொத்தையாக மாறினால் தோல் பிரிந்திருக்கலாம், விட்டுவிடுங்கள்.

14 அடிப் பலகையை பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாகனம் இல்லையென்றால் காற்றடித்து நிரப்பும் போட்டிப் பலகையைப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் சுருட்டிப் பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். கீழே முழு அழுத்தம் வரை நிரப்பி, அப்படியே மேலே கொண்டுவராதீர்கள்.

ஃபின், அதாவது பலகையின் அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தகடு, விஷயத்தில் பின்பக்கம் சாய்ந்த வகையையே கேட்டு வாங்குங்கள்; நீர் இறங்கும் மாதங்களில் கட்டைகளிலும் செடிகளிலும் மாட்டாது. கால் கயிறும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

அந்த 23 அங்குலப் பலகைமேல் மனம் இன்னும் நிற்கிறது என்றால், காசு கொடுக்குமுன் பொல்கொடை வாவியில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் வந்த வழியே திரும்பி விடுங்கள், தம்பி.