ஏழு நாள் கேம்ப்

அன்புள்ள ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். காலாண்டு விடுமுறையில் பக்கத்துக் கிராமத்தில் ஏழு நாள் கேம்ப். ஆண்டு விழா நடனத்துக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். டியூஷன் சாரோ அந்த ஒரு வாரத்தில் இயற்பியலில் இரண்டு பாடம் முடித்துவிடுவேன் என்கிறார். ஏற்கெனவே அதில் மதிப்பெண் குறைவு. என் மனைவி அனுப்பவே வேண்டாம் என்கிறாள். சான்றிதழால் பின்னால் ஏதாவது பயன் உண்டா?

ஒரு வாசகர், சங்கரன்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

சான்றிதழை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். மருத்துவம்தான் கனவென்றால் அங்கே நீட் மதிப்பெண்தான் பேசும், இது பேசாது. கேம்ப் போனால் படிப்பு நன்றாக வரும் என்றும் நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லித்தான் நம் ஊரில் விளையாட்டு, பாட்டு எல்லாவற்றையும் வீட்டுக்குள் அனுமதிக்கிறோம்.

1991இல் நானும் இதே வகுப்பில் இதே கேம்ப் போனேன். சமையல் குழுவில் அரிசி அளக்கும் வேலை. 50 பேருக்கு எத்தனை படி? விகிதக் கணக்கில் எப்போதும் முழு மதிப்பெண் வாங்குகிறவன், யாரையும் கேட்காமல் நாலு படி அளந்து போட்டேன். காலையெல்லாம் கம்மாய்க்கரையில் சீமைக்கருவேலம் தோண்டிவிட்டு வந்த பயல்கள் இரண்டாவது முறை தட்டை நீட்டும்போது அண்டா காலி. கடைசிப் பந்தியில் எங்கள் திட்ட அலுவலர் ஆசிரியர் வெறும் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அந்த ஊர்ப் பாட்டி ஒருவரிடம் போய்க் கேட்டேன். "வேலை செய்யிற பிள்ளைகளுக்கா, வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கா?" என்றார். ஆறரைப் படி போட்டோம்.

அந்த அரையாண்டில் கணக்கில் 200க்கு 82 வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழி கேம்ப் மேல் விழுந்தது. உண்மையில் அது ஏழு நாளோடு முடிந்துவிட்டது. திரும்பி வந்து ஒரு மாதம் அந்தக் கதையையே பேசித் திரிந்தோமே, அதுதான் காரணம்.

திட்டத்தின் வழக்கமான பணி ஆண்டுக்கு 120 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், வாரத்துக்கு இரண்டேகால் மணி சொச்சம்தான். நேரத்தைத் தின்பது வேறு. நடன ஒத்திகைக்குப் போய்வந்த அன்று மகளிடம் எத்தனை நிமிடம் ஆடினாய், எத்தனை நிமிடம் வராண்டாவில் உட்கார்ந்திருந்தாய் என்று கேளுங்கள். சாயங்காலம் இரண்டு மணி நேரம் காத்திருந்து பத்து நிமிடம் ஆடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டில் ஒன்றை விட வேண்டுமென்றால் நான் அதை விடுவேன். ஆனால் அது என் கணக்கு. அவளுக்கு நடனம்தான் உயிர் என்றால் கேம்பை விடட்டும். எதை விடுவது என்று அவளே சொல்லட்டும், நீங்களும் அம்மாவும் சொல்ல வேண்டாம்.

கேம்புக்குத்தான் போகிறாள் என்றால், கிளம்பும் முன் ரெக்கார்டு நோட்டை முடித்து வைக்கச் சொல்லுங்கள். விட்டுப்போகும் இரண்டு பாடங்கள் எவை என்று டியூஷன் சாரிடம் அவளே போய்க் கேட்கட்டும். திரும்பி வந்த வாரமே தோழியின் நோட்டை வாங்கிப் படித்துவிட வேண்டும், அடுத்த மாதம் என்று தள்ளக்கூடாது.

உங்கள் கவலையை வேறு இடத்தில் செலவழியுங்கள். பெண் பிள்ளைகள் எந்தக் கட்டிடத்தில் தங்குகிறார்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இரவில் உடன் தங்கும் ஆசிரியை யார், அவர் தொலைபேசி எண் என்ன? ஒரு நடை நேரில் போய்ப் பார்த்துவிட்டே வாருங்கள். உங்கள் மனைவிக்கும் அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கும், இயற்பியல் சும்மா பேருக்கு.

அப்புறம், ஒரு பாக்கெட் கொசுவத்தியும் டார்ச்சும் கொடுத்தனுப்புங்கள். கம்மாய்க்கரை ஊர் என்றால் இரண்டு பாக்கெட்.

அன்புடன்.