ஒரே அணி வரைபடத்தையே விழுங்கிவிட்டால்: நிலப்பகுதி விதிகளைத் திருத்தி எழுதுவது எப்படி?

கேள்வி: எழுத்துவழி ஆன்லைன் ரோல்பிளே கேம் (ஆளுக்கொரு பாத்திரமாகக் காட்சிகளை எழுதி ஆடுவது) ஒன்றை நடத்துகிறோம். 60 பேர், 4 அணிகள், 24 பகுதிகள். ஆறு மாதத்தில் ஓர் அணி தன் தலைநகர் போக 14 பகுதிகளைப் பிடித்துவிட்டது. மற்ற மூன்று அணிகளிடமும் தலைநகர் போக 3, 2, 1 என்று 6 பகுதிகள்தான் மிச்சம். பெரிய அணி பிடித்தவற்றில் பாதிக்கு மேல் எதிராளி தூங்கும் நேரத்தில் பறிபோனவை. சிறிய அணிகளில் ஆட்கள் வருவதே குறைந்துவிட்டது. விதிகளை எப்படி மாற்றலாம்?

பதில்: ஜெயித்தவருக்கு என்ன பரிசு என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் யோசிக்கிறோம். அதற்கு முன்னால், தோற்றவர் நாளைக்கும் ஏன் உள்ளே வரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதியையும் இந்தக் கேள்வியில் உரசிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

முதல் வேலை, நான்கு தலைநகரங்களையும் யாரும் பிடிக்க முடியாதவை என்று அறிவிப்பது. அவற்றை வரவு செலவுக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். மிச்சமுள்ள 20 பகுதிகளுக்கு மட்டுமே போட்டி.

அடுத்தது பராமரிப்புச் செலவு. உங்கள் சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. இப்போது ஒரு பகுதி கூடினால் வரவு கூடுகிறது, அதை வைத்து இன்னொரு பகுதி பிடிக்க முடிகிறது. பெருத்தது மேலும் பெருக்கிறது. வரவு சீராக ஏறட்டும், செலவு அதைவிட வேகமாக ஏறட்டும். பகுதிக்கு வாரம் 14 காசு வரவு என்றும், செலவு பகுதிகளின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கிய தொகை என்றும் வைத்துப் பாருங்கள். 5 பகுதி உள்ள அணிக்கு 70 வரவு, 25 செலவு, மிச்சம் 45. 7 பகுதிக்கு மிச்சம் 49, அதுதான் உச்சம். 10 பகுதிக்கு 40. 14 பகுதிக்கு 196 வரவு, 196 செலவு, மிச்சம் ஒன்றுமில்லை. அதே வாரத்தில் 3 பகுதி வைத்திருக்கும் அணியின் கையில் 33 காசு நிற்கும்.

உச்சம் 5-ல் இல்லாமல் 7-ல் இருப்பது காரணமாகத்தான். 20 பகுதியை நால்வருக்குச் சமமாகப் பிரித்தால் 5. உச்சமும் அங்கேயே நின்றால் யாரும் யாரையும் தாக்க மாட்டார்கள், கேம் உறைந்துவிடும். 45-க்கும் 49-க்கும் இடையிலான வித்தியாசம் மட்டும் போருக்குப் போதாது. அதனால் நாலைந்து பகுதிகளுக்குக் காசால் அளக்க முடியாத சிறப்பு ஒன்றைக் கொடுங்கள்: ஒரு துறைமுகம், ஒரு சுரங்கம், கதையில் எல்லோருக்கும் தேவைப்படும் ஒரு கோவில்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. பெரிய அணி இரண்டாகப் பிரிந்து 7, 7 என்று வைத்துக்கொண்டால் வாரம் 98 காசு கிடைத்துவிடும். எனவே போரில்லாமல் கைமாறும் பகுதிக்கு இரண்டு வாரம் வரவு கிடையாது, அணிகளுக்கிடையே பணம் கைமாறினால் பாதி கழியும், புது அணி தொடங்க அட்மின் அனுமதி வேண்டும் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

கஜானா காலியானால் உடனே பகுதியைப் பறிக்காதீர்கள். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளிப் போர் கேமில் 2014 ஜனவரியில் ஒரு பராமரிப்புக் கட்டணம் செலுத்தப்படாமல் போனதால் ஒரு விண்மீன் மண்டலத்தின் உரிமை நழுவியது. அதைத் தொடர்ந்து மூண்ட போரில் டைட்டன் என்ற மிகப்பெரிய வகைப் போர்க்கப்பல்கள் 75 அழிந்தன. ஆயிரக்கணக்கானோர் ஆடும் கேமில் அது மறக்க முடியாத நிகழ்வு. 60 பேர் ஆடும் கேமில் அப்படி நடந்தால் ஓர் அணியே கலைந்துவிடும். 72 மணி நேர அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் தலைநகரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஒரு பகுதி மட்டும் யாருக்கும் சொந்தமில்லாததாக மாறட்டும்.

தூங்கும்போது தாக்குவது பழைய நோய். ஈவ் ஆன்லைனே 2015-ல் கொண்டுவந்த மாற்றத்தில், தாக்கக்கூடிய நேரத்தைக் காக்கும் தரப்பு தேர்ந்தெடுக்க வழிசெய்தது. உங்கள் அளவுக்கு, வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் போதும். ஆனால் காக்கும் அணி வேண்டுமென்றே யாருமே விழித்திருக்காத நேரத்தைக் குறித்துவிடும். அதைத் தடுக்க, கடந்த 30 நாளில் அந்த அணியின் மூன்றில் ஒரு பங்கு ஆட்களாவது அந்த நேரத்தில் உள்ளே வந்திருக்க வேண்டும் என்றும், இரண்டில் ஒன்று வார இறுதியில் இருக்க வேண்டும் என்றும் விதியுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் (UTC) மட்டும் குறியுங்கள். சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள், அந்த வாரம் கட்டாயம் சண்டை வரும்.

தாக்க நினைப்பவர் 48 மணி நேரம் முன்பே அறிவித்து, 15 காசு பிணை கட்ட வேண்டும். ஓர் அணிக்கு ஒரு சமயத்தில் ஒரு தாக்குதல்தான். எந்த அணியும் ஒரு வாரத்தில் இரண்டுக்கு மேல் தாக்குதலைச் சந்திக்க வேண்டியதில்லை. இந்த வரம்பு இல்லாவிட்டால் மூன்று பேர் கூடி ஒருவரைப் பொய் அறிவிப்புகளாலேயே களைக்கவைத்து விடுவார்கள். தாக்குபவர் வராவிட்டால் பிணை காப்பவருக்குப் போகும். காப்பவர் வராவிட்டால் பகுதி உடனே கைமாறக் கூடாது. அவர் குறித்துவைத்த அடுத்த தாக்குதல் நேரத்தில் இரண்டாம் முறை நடக்கும், அப்போதும் வராவிட்டால்தான் இழப்பு. பிடிபட்ட பகுதியை ஏழு நாளைக்கு யாரும் தொடக்கூடாது.

எல்லை தொடும் பகுதியை மட்டுமே தாக்கலாம் என்று எழுதினால், ‘ஆற்றுக்கு அக்கரை எல்லையா, மூலை மட்டும் தொட்டால் எல்லையா’ என்று முதல் நாளே வாக்குவாதம் வரும். படத்தை நம்பாமல் 24 பகுதிக்கும் அண்டைப் பட்டியல் எழுதிவிடுங்கள். ஒரு பகுதிக்கு மூன்று அல்லது நான்கு அண்டை இருப்பது நல்லது. ஒரே அண்டை உள்ள பகுதியை யாரும் பிடிக்கவே மாட்டார்கள்.

வெற்றியை எப்படித் தீர்மானிப்பது? பதிவுகளின் எண்ணிக்கையால் வேண்டாம், ஒற்றை வரிகளாகக் கொட்டிவிடுவார்கள். ஒவ்வொரு போருக்கும் மூன்று இலக்குகள் வையுங்கள்: வாசல், கிடங்கு, கொடிமேடை. பக்கத்துக்கு ஆறு பேருக்கு மேல் கூடாது. காட்சியை எழுதி முடித்ததும் ஒவ்வொரு இலக்குக்கும் இரு தரப்பும் இரண்டு பகடை உருட்டட்டும், சமன் என்றால் காப்பவருக்கு, மூன்றில் இரண்டு பெற்றவருக்குப் பகுதி. பலம் சமமானால் தாக்குபவர் 100-ல் சுமார் 42 முறை வெல்வார். படைக்கலம், உளவு இவற்றால் அவருக்கு 2 புள்ளி கூடுதலாக இருந்தால் அது 74 ஆகும். 4 புள்ளி என்றால் 93. முடிவு முன்பே தெரிந்த போருக்குக் காப்பவர்கள் நேரம் ஒதுக்கி வரமாட்டார்கள். ஆகவே எத்தனை சேர்ந்தாலும் இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசத்தை 2-க்கு மேல் விடாதீர்கள். போரில் பங்குள்ள அணியைச் சேர்ந்த மாடரேட்டர் அந்தப் பகடையைத் தொடக்கூடாது.

இனி, இப்போதுள்ள 14 பகுதியை என்ன செய்வது? பறிக்காதீர்கள், அவை பழைய விதிப்படி நேர்மையாகப் பிடிக்கப்பட்டவை. புது விதியை இரண்டு வாரம் முன்பே முழுதாக வெளியிடுங்கள். நடைமுறைக்கு வந்த முதல் நான்கு வாரம் எல்லோருக்கும் பாதிச் செலவு. அந்த நான்கு வாரத்துக்குள் தாமாக விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் பெரிய அணிக்கு 20 காசு கொடுங்கள். அந்தப் பகுதி அண்டை அணிக்குப் போக வேண்டாம், யாருக்கும் சொந்தமில்லாததாகட்டும். அதை எதற்காக விட்டுப்போனார்கள் என்ற காட்சியை அந்த அணியே எழுதட்டும்: படை திரும்பியதா, ஊர் கலகம் செய்ததா, உடன்படிக்கையா என்பது அவர்கள் விருப்பம்.