கடைமடைப் பெட்டி வரை செட்டிங்ஸ் போய்ச் சேர என்ன வழி?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் வாய்க்கால் மதகுகளில் நீர்மட்டம் அளக்க 130 ராஸ்பெர்ரி பை 4 (சின்னக் கணினி) பெட்டிகள் வைத்திருக்கிறோம். எல்லாம் சிம் கார்டில் ஓடுகின்றன. ஒரு செட்டிங்கை மாற்றினால் ஆபீஸிலிருந்து ஸ்கிரிப்ட் ஓட்டி அனுப்புகிறோம், பாதிக்குத்தான் போகிறது. எந்தப் பெட்டியில் எது இருக்கிறதென்றே தெரியவில்லை.

பதில்: அனுப்புவதை நிறுத்துங்கள். பெட்டியே வந்து கேட்டு எடுத்துக்கொள்ளட்டும். சிம் இணைப்பில் பெரும்பாலும் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாகத் தொடும் இணைய முகவரி) இருக்காது, அதனால் வெளியிலிருந்து உள்ளே போவது பெரும்பாடு. கேட்டு வாங்கும் பெட்டியோ, கரண்ட் போய் மறுநாள் எழுந்தாலும் விட்டதைப் பிடித்துவிடும்.

செட்டிங்ஸ் கோப்புகள் கிட்டில் (Git, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிப்பாகச் சேமிக்கும் மென்பொருள்) இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று, முள்ளியாறு, அடப்பாறு என ஆறுவாரியாக ஒன்று, அந்தந்தப் பெட்டிக்கென்று சென்சார் உயரம் மாதிரி சில வரிகள், அவ்வளவு போதும். பாஸ்வேர்டு மட்டும் அதற்குள் போகவே கூடாது. தன்னிடம் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பதை ஒவ்வொரு பெட்டியும் திருப்பிச் சொல்ல வேண்டும். உங்கள் குழப்பம் அதில் தீரும்.

நான் அதிகம் வலியுறுத்துவது, பெட்டி தானாகப் பழைய நிலைக்குத் திரும்புவதைத்தான். புதிய கோப்பை வேறு பெயரில் எழுதி, எஸ்டி கார்டில் பதிந்ததை உறுதிசெய்து, அப்புறம் பெயரை மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழையதோ புதியதோ ஏதாவது ஒன்று முழுசாக இருக்கும். பழையதை அழிக்காதீர்கள். புதியதை ஏற்றிப் பத்து நிமிடத்தில் சர்வரைத் தொட முடியவில்லையென்றால் பெட்டி தானே பழையதற்குப் போய்விட வேண்டும். டவர் கிடைக்காமல் திரும்பியிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த முறை மறுபடி எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று பலரும் கவனிப்பதில்லை. பை 4-இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. நீண்ட நேரம் கரண்ட் இல்லாமல் எழும்போது அதற்குப் பழைய தேதிதான் தெரியும். இடையில் சர்வரின் சான்றிதழை (அது உண்மையான சர்வர்தான் என்று காட்டும், தேதி வரம்புள்ள டிஜிட்டல் அடையாளம்) புதுப்பித்திருந்தால், 'இது இன்னும் செல்லாது' என்று பெட்டி ஒதுக்கிவிடும். கடிகார மாட்யூல் ஒன்று பொருத்திவிடுங்கள், விலை குறைவுதான்.

எந்த மாற்றமும் முதலில் நான்கைந்து பெட்டிகளுக்கு மட்டும். டவர் மோசமான இடம் ஒன்று அதில் கட்டாயம் இருக்கட்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரே வீச்சில் அனுப்பிய பிழையான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அதுவும் செட்டிங்ஸ் கோப்பு வகைதான்.

ஐப்பசி, கார்த்திகையில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டாம். நீர்மட்டம் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான், மதகுக்குப் போகும் பாதை சேறாகக் கிடப்பதும் அப்போதுதான். மேட்டூர் திறக்கும் முன், ஏப்ரல், மே மாதங்களில் முடித்துவிடுங்கள். ஏதாவது பெட்டி நின்றாலும் பைக்கில் போய்ப் பார்த்துவிடலாம்.