சட்டையில் அடிக்கும் வாசம் பெரிய பிரச்சினையல்ல

கேள்வி: மட்டக்களப்பில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதிய உத்தியோகத்தராக, சத்திரசிகிச்சை வாட்டில் வேலை செய்கிறேன். இரவு டியூட்டி முடிந்தால் இரண்டு சிகரட் புகைக்காமல் வீட்டுக்குப் போக முடிவதில்லை. கூச்சத்தில், நோயாளிகளிடம் விபரம் எடுக்கும்போது ‘புகைப்பீர்களா’ என்பதை மட்டும் கேட்காமல் விட்டுவிடுகிறேன். மனைவிக்கு இந்தப் பழக்கம் தெரியாது. சொல்லலாமா?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, அவவுக்குத் தெரியும். உங்கள் சட்டையைத் தோய்க்கிறவ அவதானே? நீங்களாகச் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பா. இன்றைக்கே சொல்லுங்கள், அந்தக் கதை அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது மற்ற வரியில். கேட்காமல் விட்டுவிட்டு, நோயாளியின் விபரம் எழுதும் டிக்கட்டில் என்ன எழுதுகிறீர்கள், ‘இல்லை’ என்றா? சீனி வருத்தத்தில் காலில் புண்ணோடு வாகரையிலிருந்து ஒரு கடற்றொழிலாளி வந்து படுத்திருக்கிறார் என்று வையுங்கள். பெண்சாதி தோட்டை அடகு வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறா. அவர் புகைக்கிறவர் என்றால், சிகரட்டிலுள்ள நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும், புகையிலுள்ள காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடிக்கும், புண் ஆறாமல் இழுபடும் என்றெல்லாம் படித்துவிட்டுத்தானே சீருடை போட்டீர்கள்? அந்த மனிசனுக்குக் கால் போனால் வீடே படுத்துவிடும். உங்கள் கூச்சத்துக்கு அந்தப் பிள்ளைகளா பலி? உங்கள் நெஞ்சை நீங்கள் கெடுத்துக்கொண்டால் உங்கள் வீடு அழும், அது வேறு கணக்கு; நோயாளியின் விபரத்தில் கை வைக்க உங்களுக்கு உரிமையே இல்லை.

சிகரட் பத்துகிறவன் புத்தி சொல்லக் கூடாது என்று யார் சொன்னது? “நானும் இதை விடத்தான் பாடுபடுகிறேன் ஐயா” என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள். தாதி ஒருவர் கட்டிலடியில் இரண்டு நிமிடம் நின்று கதைத்ததால் சிகரட்டை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், அந்தப் ‘பாடுபடுகிறேன்’ பொய்யாக இருக்கக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள்தான் பொல்லாதது, எரிச்சல் வரும், நித்திரை குழம்பும், சில வாரத்தில் அடங்கிவிடும், அதனால் இரவு டியூட்டி இல்லாத ஒரு கிழமை பார்த்துத் தொடங்குங்கள். டியூட்டி முடிந்தால் கடைப் பக்கம் திரும்பாமல் நேரே பஸ் ஏறுங்கள். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையின் 1948 இலக்கத்துக்கு எடுத்தால் விடுவதற்கு வழி சொல்வார்கள். தாதி என்பதால் கேட்க வெட்கமா? நீங்களும் அங்கே ஒரு நோயாளிதான்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை கிடக்கிறது. அடுத்த டியூட்டிக்குப் போனதும், இப்போது வாட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ‘புகைப்பீர்களா’ என்று கேட்டு டிக்கட்டில் எழுதுங்கள், டொக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்கு முதல்.