ஒரே குடும்பம், மூன்று வயது: யார் முதலில் உயில் எழுத வேண்டும்?

கேள்வி: எனக்கு 38 வயது. இந்துக் குடும்பம். நானும் கணவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். மகளுக்கு 12, மகனுக்கு 7. ஃபிளாட் கணவர் பெயரில் இருக்கிறது, லோன் ஓடுகிறது. மாமியார் எங்களோடு இருக்கிறார். தம்பிக்கு 28, பெங்களூரில் ஐ.டி. வேலை, கல்யாணம் ஆகவில்லை. அப்பாவுக்கு 71. திண்டுக்கல்லில் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டைத் தம்பி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்கிறார். அம்மாவுக்கு அதில் மனசில்லை. உயில் என்று பேச்செடுத்தாலே, "என்னை அனுப்பி வைக்கப் பார்க்கிறியா?" என்று அப்பா கோபப்படுகிறார். எங்களில் யார் இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் அப்பாவைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது உங்கள் கணவரின் ஃபிளாட். உங்கள் மூன்று வீடுகளில் உயில் அவசரமாகத் தேவைப்படுவது அங்கேதான்.

உங்கள் கணவர் உயில் எழுதாமல் போய்விட்டால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த ஃபிளாட் நான்கு சம பங்காகும்: உங்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு, மாமியாருக்கு ஒன்று. பங்கு நியாயமானதுதான். சிக்கல் விற்கும்போது வரும். மைனர் பிள்ளைகளின் பங்கை, பெற்ற தாயாகவே இருந்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. என் கட்சிக்காரர் ஒருவர் கணவர் இறந்த பிறகு லோனை அடைக்க ஃபிளாட்டை விற்கப் பார்த்தார். நல்ல விலைக்கு ஆள் வந்தது. அனுமதி மனு முடிவதற்குள் அந்த ஆள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். இடையில் வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

அதனால் கணவர் உங்களுக்கும், நீங்கள் கணவருக்கும் ஆளுக்கொரு உயில் எழுதிவிடுங்கள். மாமியாரை வெறுங்கையோடு விடச் சொல்லவில்லை. ஃபிளாட்டில் பங்கு கொடுப்பதற்குப் பதில் அவர் பெயருக்கு ஒரு வைப்புத்தொகை எழுதினால் அவர் கைக்கும் காசு வரும், விற்பனையும் நிற்காது. இரண்டு உயிலிலும், இருவருமே இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு யார் கார்டியன் என்ற வரி இருக்கட்டும். அவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணவர் டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுப்பதாக இருந்தால், 1874-ஆம் ஆண்டு மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கச் சொல்லுங்கள். பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தை நிரப்ப வேண்டும். அப்படி எடுத்தால் அந்தப் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். கடன் கொடுத்தவர்கள் அதில் கை வைக்க முடியாது. லோன் இருக்கிற வீட்டில் இது பெரிய தெம்பு.

தம்பிக்கு இப்போதைக்கு உயில் வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும். கல்யாணம் ஆகாத மகன் இறந்தால் அவனுடைய சொத்து முழுவதும் அம்மாவுக்குத்தான். அம்மா உயிரோடு இருக்கும்வரை அப்பாவுக்குப் பங்கில்லை. இதைச் சொன்னால் அப்பாக்கள் யாரும் நம்புவதில்லை!

தம்பி பார்க்க வேண்டியது நாமினி. நாமினி என்றாலே வாரிசு என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்ப்பவர்தான் நாமினி. வங்கிக் கணக்கோ பங்குகளோ எதுவானாலும் இதுதான் நிலை. பங்குகள் விஷயத்தில் 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். நாமினி இல்லாத கணக்குக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீஸுக்கு அலைய வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் பெயரைக் காலியாக விடவும் கூடாது. அப்புறம், பி.எஃப். கணக்கில் தம்பி இப்போது யார் பெயரைப் போட்டிருந்தாலும் கல்யாணம் ஆனதும் அது செல்லாது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் அன்றே இதையும் அவருடைய பட்டியலில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இனி அப்பா. செட்டில்மெண்டுக்குச் செலவு பெரிதில்லை. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் பதிவான அன்றே வீடு தம்பியுடையது. நாளை அப்பாவுக்கு மனசு மாறினாலும் தானாக ரத்து செய்துவிட முடியாது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். முத்திரைத் தாளும் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. உயில் தொலைந்துவிட்டது என்றோ, கையெழுத்து அவருடையதே இல்லை என்றோ பேச்சு வந்தால் அது கைகொடுக்கும். 71 வயதில் இருக்கிற ஒரே வீட்டுக்கு உயில்தான் என்பேன்.

செட்டில்மெண்ட்தான் என்று அப்பா பிடிவாதமாக நின்றால் பத்திரத்தில் இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும். ஒன்று, அப்பாவும் அம்மாவும் தங்கள் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை. பல பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவரின் ஆயுளோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்பா முதலில் போய்விட்டால் அம்மா மகன் தயவில் நிற்க வேண்டியதுதான். உங்கள் அம்மாவுக்கு மனசில்லாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மற்றொன்று, பெற்றோரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. அது இருந்து, தம்பி கவனிக்கத் தவறினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்டால் வழக்கு இழுபறிதான்.

உங்களுக்குப் பங்கு உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் சுய சம்பாத்தியம் என்பதால் அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமல் போனால் அம்மா, நீங்கள், தம்பி மூவருக்கும் சம பங்கு. தாத்தா வழிவந்த பூர்வீகச் சொத்து ஏதாவது இருந்தால் கணக்கு வேறு. அதில் மகனைப் போலவே மகளுக்கும் உரிமை உண்டு. மேலே சொன்ன பங்குக் கணக்கெல்லாம் இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சட்டம் வேறு. உதாரணமாக, ஒரு முஸ்லிம் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

அப்பாவிடம் உயில் என்று ஆரம்பிக்காதீர்கள். "உங்களுக்குப் பிறகும் அம்மா இதே வீட்டில் இருக்க என்ன வழி?" என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால், வீட்டுப் பத்திரத்தோடு அவரை வக்கீலிடம் அனுப்புங்கள். அவரைவிட இளைய இரண்டு சாட்சிகள் வேண்டும். பின்னால் தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு சாட்சியாக இருந்தால் ரொம்ப நல்லது. சொத்து யாருக்குப் போகிறதோ அவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம். அன்றைக்கு நீங்களும் தம்பியும் கூடப் போகாதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் நின்று எழுத வைத்தார்கள் என்று ஒரு சொல் வந்தால் போதும், உயில் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருங்கள்.