டிவிடி பார்க்கக் கட்டண டிகோடர் தேவையா?

கேள்வி: வரவேற்பறைத் தொலைக்காட்சியோடு ஒரு சிறிய கணினியை இணைத்து அதையே ஹோம் தியேட்டராகப் பயன்படுத்துகிறேன். என்னிடமுள்ள பரதநாட்டிய டிவிடிகளை விண்டோஸ் 10 தானாக ஓட்டுவதில்லை. விஎல்சி என்ற இலவசப் பிளேயரில் ஓடுகின்றன, ஆனால் ஆடுபவர் கையை வீசும்போதெல்லாம் விளிம்பு கோடு கோடாகச் சிதறுகிறது. கட்டண டிகோடர் வாங்கினால் சரியாகுமா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: இதற்காக நீங்கள் பணம் செலவிட வேண்டாம். டிவிடியில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது. அதை விரித்துத் தருவதே டிகோடரின் வேலை. விண்டோஸ் 7-இன் ஹோம் பிரீமியம் முதலான பதிப்புகளில் அது உடன் வந்தது. உரிமக் கட்டணத்தைக் காரணம் காட்டி, 2012-இல் வெளியான விண்டோஸ் 8-இலிருந்து அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே உங்கள் வட்டிலும் டிரைவிலும் பழுதில்லை.

எம்பெக்-2-ஐ விரிக்கும் முறை தரநிலையில் தெளிவாக வரையறுக்கப்பட்டிருப்பதால், இலவச டிகோடரும் கட்டண டிகோடரும் ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் தருகின்றன. வேறுபாடு அதற்கடுத்த படியான டீஇன்டர்லேசிங்கில், அதாவது தனித்தனியாகப் பதிவான வரிகளைச் சிதறலின்றி முழுப் படமாக்குவதில், இருக்கிறது. இந்தியாவில் வழங்கும் பால் (PAL) என்ற வீடியோ முறை வட்டில் நொடிக்கு 25 படங்கள், ஒவ்வொன்றிலும் 576 வரிகள். மேடை நிகழ்ச்சியை வீடியோ கேமராவில் எடுக்கும்போது ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் அதற்கு 1/50 நொடி கழித்தும் பதிவாகின்றன. அந்த இடைவெளியில் கை நகர்ந்துவிடுவதால், இரண்டையும் ஒன்றாகக் காட்டும்போது விளிம்பு சீப்புப் பற்களைப்போல் தெரிகிறது. பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்ததால் இந்தத் தொல்லை இருக்கவில்லை.

விஎல்சியில் வட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘வீடியோ’ மெனுவுக்குச் சென்று, டீஇன்டர்லேசை ‘ஆன்’ என்றும், அதன் வகையை ‘யாடிஃப் 2 எக்ஸ்’ (Yadif 2x) என்றும் வையுங்கள். வெறும் யாடிஃப் நொடிக்கு 25 படங்களே தரும்; 2 எக்ஸ் 50 படங்கள் தரும். விரைவான ஜதிக்கு ஆடும் கால்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே புலப்படும். நாட்டிய வட்டுகளுக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். தொலைக்காட்சிக்குச் செல்லும் வெளியீட்டையும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 60-இல் விட்டால் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது படம் லேசாகத் தடுக்கும். அமெரிக்காவில் வழங்கும் என்டிஎஸ்சி (NTSC) முறை வட்டுகளுக்கு 60 ஹெர்ட்ஸே பொருந்தும்.

ஒவ்வொன்றையும் நுணுக்கமாக அமைத்துக்கொள்ளும் பொறுமை இருந்தால், எல்ஏவி ஃபில்டர்கள் என்ற இலவச டிகோடர் தொகுப்பை உள்ளடக்கிய எம்பிசி-ஹெச்சி பிளேயரையும் முயன்று பாருங்கள். அதுவும் இலவசமே.

பால் வட்டிலுள்ள திரைப்படங்களில் பெரும்பாலும் இரு வகை வரிகளும் ஒரே படச்சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும் என்பதால், அவற்றுக்கு டீஇன்டர்லேசை அணைத்துவிடலாம். நொடிக்கு 24 சட்டங்களாக எடுத்த படத்தை 25-ஆக ஓட்டுவதால் அவை சுமார் 4 சதவீதம் விரைவாக ஓடும். சுருதியைத் திருத்தாத வட்டுகளில் பாட்டு அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து ஒலிக்கும். தம்பூராவோடு பழகிய காதுக்கு இது உறுத்தலாம். அது டிகோடரின் குற்றமன்று.

ஒலிபெருக்கிகளை இயக்கும் ஏவி ரிசீவர் வைத்திருந்தால் மட்டும், ஒலியைக் கணினி விரிக்காமல் அப்படியே அதற்கு அனுப்பும் பாஸ்த்ரூவை ஒலி அமைப்பில் இயக்குங்கள். கட்டண மென்பொருளைப் பற்றி யோசிக்க வேண்டியது, கடையில் வாங்கிய ப்ளூரே வட்டுகளையும் இதே கணினியில் பார்க்க விரும்பும்போதுதான். அவற்றின் நகல் தடுப்புப் பூட்டு டிவிடியின் பூட்டைவிடக் கடினமானது.